34 பாகை வெயிலில் ஒரு 14 அங்குல லப்டொப்

முறிகண்டியில் பஸ் நின்றால் பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு, பிறகு ஒரு சரை கச்சான். 2024 டிசம்பரில் ஒரு ஞாயிறு பின்னேரம் என் மருமகன் (அக்காவின் மகன்) கச்சான் வாங்குவதற்கு முன்னால், விற்கிற அக்காவிடம் தராசைக் கேட்டு அதில் ஒரு லப்டொப் சார்ஜரை வைத்து நிறுத்திருக்கிறான். 870 கிராம். தராசின் படத்தை எனக்கு அனுப்பிவிட்டு ஒரு கேள்வியும் போட்டிருந்தான்: "மாமா, பெட்டியில 2.4 கிலோ எண்டு போட்டிருக்கு. இது அந்தக் கணக்கில இல்லையோ?"

இல்லை. எந்த நிறுவனமும் சார்ஜரைச் சேர்த்து எடை சொல்வதில்லை. அவன் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது மூன்றே கால் கிலோ.

அந்த லப்டொப் அவனுடையதும் அல்ல. அறைத் தோழனுடைய 15.6 அங்குல கேமிங் லப்டொப். விடுமுறைக்கு வெளிநாடு போன தோழன் இரண்டு கிழமைக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். "இதே மாதிரி ஒண்டு வாங்குவம்" என்று தொடங்கிய பெடியன், இரண்டாம் கிழமை பையின் வார் பிய்ந்த பிறகு "சின்னதா, ஆனா இதே பலத்தோட" என்று மாறினான். கரடிப்போக்குச் சந்திக்குக் கிட்டக் கணினி திருத்தும் கடை வைத்திருக்கிற எனக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. சின்னதாக இருக்க வேணும், கேமும் ஓட வேணும் என்று கிழமைக்கு ஒருவராவது வருகிறார்கள். வாயால் சொல்லி அனுப்புவதுதான் வழக்கம். இந்த ஒன்றை மட்டும் தொடக்கத்திலிருந்து எட்டு மாதம் கூட இருந்து பார்த்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

ஆளும் தேவையும்

வீடு முள்ளியவளை. படிப்பது அறிவியல் நகரில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடத்தில். ஒட்டுசுட்டான் வழியாக மாங்குளம் வந்து, அங்கிருந்து ஏ9 வீதியில் வடக்கே திரும்ப வேண்டும். இரண்டு பஸ். கிழமை முடிவில் போய் வருவான். பஸ்ஸில் இருக்க இடம் கிடைத்தால் பை மடியில் இருக்கும், கிடைக்காவிட்டால் தோளில்.

படிப்புக்கு ஆட்டோகேட், சாலிட்வர்க்ஸ், மட்லாப். இரவில் தோழர்களோடு வாலரன்ட். இது போக, தனியே விளையாடி முடிக்க வேண்டும் என்று மனதில் வைத்திருந்தவை இரண்டு: சைபர்பங்க் 2077, ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2. இரண்டுமே கிராபிக்ஸ் சிப்பைப் பிழிந்தெடுக்கிற கேம்கள். முதலாவது 70 ஜிபி இடம் கேட்கும், இரண்டாவது 150.

கையில் இருந்தது நாலு லட்சம். அம்மாவின் சீட்டுக்காசு, அப்பா தந்தது, ரொறன்ரோவில் இருக்கிற சித்தி அனுப்பியது எல்லாம் சேர்த்து. டொலர் 290க்கும் 300க்கும் இடையில் நின்ற காலம். பெறுமதி சேர் வரி 18 சதவீதம். வெளிநாட்டு விலையை ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டு "நாலு லட்சத்துக்குள்ள வரும்" என்று துள்ளுகிற பிள்ளைகள் மறந்துவிடுவது இந்த வரியைத்தான்.

வாங்குமுன் யாரிடமும் நான் கேட்பது நாலு கேள்வி. எங்கே வைத்துப் பாவிப்பாய்? எதில் கொண்டு திரிவாய்? என்ன விளையாடுவாய்? ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம்? முதல் மூன்றுக்கும் உண்மை சொன்னான். நாலாவதற்கு "ஒரு மணித்தியாலம் மாமா" என்றான். மூன்று என்று எழுதிக்கொண்டேன்.

சின்ன உடம்பு

சின்ன உடம்பில் பெரிய பலம் என்பது பழைய ஆசை. ஏலியன்வேர் 2010இலேயே 11.6 அங்குலத்தில் எம்11எக்ஸ் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. ஆனால் 14 அங்குலமே போதும் என்று பலரை நம்பவைத்தது 2020இல் வந்த அசுஸ் செஃபிரஸ் ஜி14. ஒன்றே முக்கால் கிலோவுக்குள் எட்டுக் கோர் ரைசன் செயலியும் தனிக் கிராபிக்ஸ் சிப்பும். அடுத்த வருடம் ரேசர் பிளேட் 14. 2024இல் எச்பி ஓமன் டிரான்சென்ட் 14, அசுஸ் டஃப் ஏ14 என்று வரிசை நீண்டது. இவற்றில் நல்லவை எல்லாம் நாலு லட்சத்தை விட்டு வெகுதூரம். ஆசைப்பட்டுப் படம் பார்க்கலாம், அவ்வளவுதான்.

மிஞ்சியது மூன்று வழி. தனிக் கிராபிக்ஸ் சிப் இல்லாத மெல்லிய லப்டொப் ஒன்று. சித்தி கனடாவில் வாங்கி அனுப்பக்கூடிய பாவித்த ஜி14. அல்லது இங்கேயே புதிதாக, 14 அங்குலத்தைச் சுற்றி, என்விடியாவின் 4050 அல்லது 4060 கிராபிக்ஸ் சிப்போடு ஒன்று.

முதலாவதைப் பலர் கேட்காமலே ஒதுக்குகிறார்கள். நான் ஒதுக்குவதில்லை. ரைசன் 7 7840எச்எஸ், 8845எச்எஸ் போன்றவற்றில் உள்ளேயே இருக்கிற ரேடியன் 780எம் கிராபிக்ஸில் வாலரன்ட் வழுக்கிக்கொண்டு ஓடும். ஜிடிஏ 5 கூட நடுத்தர அமைப்பில் ஓடும். என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அதுவே போதும், ஒரு லட்சமும் மிச்சம். ஒரே நிபந்தனை, ராம் இரண்டு தடத்தில் இருக்க வேண்டும். தனி நினைவகம் இல்லாத அந்தச் சிப் ராமையே பங்குபோட்டுப் பாவிப்பதால், ஒற்றை ராம் குச்சி போட்டால் அதன் கழுத்தை நெரித்த மாதிரி. ஆனால் மருமகனின் பட்டியலில் சைபர்பங்க் இருந்தது. அதை 780எம்மில் ஓட்டலாம்; ரசிக்க முடியாது.

கனடா வழியில் எனக்கு விருப்பம் இருந்தது. சார்ஜர் 100 முதல் 240 வோல்ட் வரை எடுக்கும், முனையை மட்டும் மாற்றினால் போதும். பற்றரி 76 வாட்-மணி, விமானத்தில் கையில் கொண்டுவரலாம், எல்லை 100. தடையாக நின்றது உத்தரவாதம். போன வருடம் ஒருவர் ஐரோப்பாவிலிருந்து வந்த லப்டொப்பின் பிணைச்சல் உடைந்து என்னிடம் கொண்டுவந்தார். உதிரிப்பாகம் வர நாலு மாதம். அவருக்கு அது சும்மா கிடந்த சாமான். பரீட்சைக்கு மூன்று கிழமை இருக்கும்போது ஒரு பொறியியல் மாணவனுக்கு அப்படி நடந்தால் என்ன செய்வது? அதோடு, பாவித்த கேமிங் லப்டொப்பின் விசிறி எத்தனை மணித்தியாலம் சுழன்றது என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

மூன்றாவது வழிக்கு வந்தோம்.

ஒரே பெயர், வேறு வேறு வாட்

இங்கேதான் பெடியன்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். யாரும் பொய் சொல்லி ஏமாற்றுவதில்லை. பெயர்தான் ஏமாற்றுகிறது.

என்விடியாவின் லப்டொப் ஆர்டிஎக்ஸ் 4050, 4060, 4070 மூன்றுக்கும் அந்த நிறுவனம் கொடுத்திருக்கிற மின் எல்லை ஒன்றேதான், 35 வாட் முதல் 115 வாட் வரை. அந்த எல்லைக்குள் எதை வைப்பது என்று தீர்மானிப்பது லப்டொப் செய்கிறவர். மெல்லிய உடம்பில் 45 வாட்டோடு கட்டிப்போட்டாலும் அது 4060தான், தடித்த உடம்பில் 115 வாட்டோடு அவிழ்த்துவிட்டாலும் 4060தான். மூடியில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர் இரண்டிலும் ஒன்று. நாலு உருளை எஞ்சின் என்று சொல்லிவிட்டுப் பெற்றோல் குழாயின் அளவைச் சொல்லாமல் விடுகிற மாதிரி.

கடையில் நின்றபடியே இதைப் பார்த்துவிடலாம். என்விடியா கட்டுப்பாட்டுப் பலகையைத் திறந்து, கணினித் தகவல் பகுதிக்குப் போனால் அதிகபட்ச கிராபிக்ஸ் மின்சக்தி என்று ஒரு வரி இருக்கும். அரை நிமிட வேலை. விற்கிறவர் மறுத்தால் அந்தக் கடையை விட்டு வந்துவிடுங்கள்.

ஆனால் வன்னியில் இருக்கிறவர்களுக்கு அந்த வரியும் முழுக் கதை சொல்லாது. பெடியன் காட்டிய ஆய்வுக் காணொளிகள் எல்லாம் குளிரூட்டிய அறையில் எடுத்தவை. 22, 23 பாகை. நம் ஊரில் பகலில் வெளியே 33, 34 பாகை. ஓட்டுக்குக் கீழே, ஒரு மேசை விசிறி மட்டும் உள்ள அறையில் இரவு எட்டு மணிக்கும் 31. லப்டொப்பின் விசிறி குளிர் உண்டாக்குவதில்லை, அறைக்காற்றை இழுத்துச் சூட்டை வெளியே தள்ளுகிறது. அதனால் அறை எத்தனை பாகை கூடுகிறதோ, அதே வேலைக்குச் சிப்பும் ஏறக்குறைய அத்தனை பாகை கூடும். காணொளியில் 78 பாகையில் அமைதியாக ஓடிய சிப் இங்கே 88க்குப் போக வேண்டும். போகாது. 40 வரிசை லப்டொப் சிப்புகள் பெரும்பாலும் 87 பாகையில் தாமாகவே வாட்டைக் குறைத்துக்கொள்ளும். அதாவது குளிர் நாட்டில் எல்லைக்குப் பத்துப் பாகை கீழே நின்ற இயந்திரம் இங்கே எல்லையில் முட்டிக்கொண்டு நிற்கும். அங்கேயே எல்லையில் நின்றது இங்கே முழங்காலில் நடக்கும்.

கேம் விளையாடுகிற சின்ன லப்டொப்பை வாங்குவது சூட்டை வாங்குகிற விஷயம் என்று நான் சொல்வது இதனால்தான். மற்ற எதையும் அதற்குப் பிறகு பார்க்கலாம்.

வவுனியாவில் ஒரு பின்னேரம்

வவுனியாவில் எனக்குத் தெரிந்த ஒரு வியாபாரி இரண்டு பெட்டிகளைத் திறந்து வைத்துச் சோதிக்க விட்டார். ஜனவரி முதற்கிழமை. மாரி முடியாததால் வெளியே பெரிய சூடில்லை. அதனால் கடையின் பின்னறையில், ஜன்னலைச் சாத்தி, விசிறியை நிறுத்திவிட்டு இருந்தோம். அரை மணித்தியாலத்தில் அறை 32 பாகை. வியாபாரி எங்களைப் பார்த்த பார்வையை விவரிக்கத் தேவையில்லை.

ஒன்று மிக மெல்லிய 14 அங்குலம், 1.6 கிலோ, 4060, அதிகபட்சம் 65 வாட். மற்றது 14.5 அங்குலம், கொஞ்சம் தடிப்பு, 1.8 கிலோ, 4050, 95 வாட். பெடியனின் கண் முழுக்க முதலாவதில். சரிதான், 4060இல் கணிப்புக் கோர் 3072, 4050இல் 2560. நினைவகம் 8 ஜிபிக்கு எதிரே 6 ஜிபி. தாளில் போட்டி இல்லை.

சைபர்பங்கின் உள்ளேயே இருக்கிற அளவீட்டை, இரண்டிலும் 1920க்கு 1200 புள்ளியில், ஒரே அமைப்பில் ஓட்டினோம். முதல் சுற்றில் மெல்லியது செக்கனுக்கு 58 ஃபிரேம் (திரையில் மாறுகிற படம்), தடித்தது 61. "கிட்டக்கிட்ட ஒண்டுதானே மாமா" என்றான். நான் கேமை நிறுத்த விடவில்லை. அவனையே விளையாடச் சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனேன்.

அரை மணித்தியாலம் கழித்து மறுபடி அளந்தோம். தடித்தது 57. மெல்லியது 45. திரையின் மூலையில் வாட் கணக்கு 65இல் தொடங்கி, 43க்கும் 47க்கும் இடையில் ஊசலாடிக்கொண்டிருந்தது. விசைப்பலகையில் டபிள்யூ விசைக்கு மேலே விரலை வைத்துப் பார்க்கச் சொன்னேன். இரண்டு செக்கன் வைத்தான், எடுத்துவிட்டான்.

"இது 4060 எல்லோ, பிறகு ஏன் பின்னுக்கு நிக்குது?"

"அது மூச்சுக்குத் தவிக்குது" என்றேன். இரண்டையும் கவிழ்த்துக் காட்டினேன். மெல்லியதன் அடிக்காலின் உயரம் ஒரு தீக்குச்சித் தடிப்புக்கு மேல் இல்லை. காற்று போகும் வழியே அதுதான். தடித்ததில் பின்பக்கம் சுண்டுவிரல் நுழையும். மெல்லியதன் பின்பக்கத்துக்குக் கீழே இரண்டு பேனா மூடிகளை முட்டுக்கொடுத்து வைத்ததும் அதற்கே மூன்று ஃபிரேம் கூடியது. வியாபாரியும் கிட்ட வந்து பார்த்தார்.

மெல்லியது கெட்ட லப்டொப் என்று நான் சொல்லவில்லை. நுவரெலியாக் குளிரில் இருக்கிறவனுக்கு நானே அதைத்தான் வாங்கச் சொல்வேன்.

அந்த வாரமே என்விடியா 50 வரிசையை அறிவித்தது. பொறுப்பமா என்று கேட்டான். அறிவிப்புக்கும் மாங்குளத்துக்கும் இடையில் எத்தனை மாதம், புதுச் சரக்கு இறங்கும்போது விலை எப்படி இருக்கும் என்பதெல்லாம் அவனுக்கே தெரியும். அரையாண்டுப் பரீட்சை மாசியில். பொறுக்கவில்லை.

தடித்தது. ரைசன் 7 7840எச்எஸ், 16 ஜிபி ராம், 1 டிபி எஸ்எஸ்டி, இரண்டு வருட உள்ளூர் உத்தரவாதம். நாலு லட்சத்துக்குப் பன்னிரண்டாயிரம் மேலே போனது, அதை நான் போட்டேன். மொடல் பெயரைச் சொல்லாமல் விடுவதற்குக் காரணம் உண்டு. இதை நீங்கள் வாசிக்கும்போது அது கடையில் இருக்காது. அந்த ஒரு பெயரைத் தேடி அலைவதை விட, பின்னறையில் விசிறியை நிறுத்திவிட்டு அரை மணித்தியாலம் ஓட்டிப் பார்ப்பது மேல்.

இரண்டு விஷயத்தில் மனம் ஒப்பாமல்தான் வாங்கினோம். ராம் பலகையோடு பற்றவைத்தது, பிறகு கூட்ட முடியாது. 14 அங்குலத்தில் இது இப்போது வழக்கமாகிவிட்டது. அதனால் 8 ஜிபியோடு வருவதை எவ்வளவு மலிவென்றாலும் தொடாதீர்கள். மற்றது அந்த 6 ஜிபி கிராபிக்ஸ் நினைவகம். அதற்குப் பிறகு வருகிறேன்.

திரை 2880க்கு 1800, ஓஎல்இடி, 120 ஹேர்ட்ஸ். பார்க்க வடிவு. ஆனால் அந்த முழுப் புள்ளியிலும் கேமை ஓட்டினால் 1920க்கு 1200ஐ விட 2.25 மடங்கு வேலை. 14.5 அங்குலத்தில் அந்த வித்தியாசத்தைத் தேட மூக்கைத் திரையில் முட்ட வேண்டும். படத்துக்கும் வரைபுக்கும் முழுப் புள்ளி, கேமுக்குச் சின்னது என்று வைத்துக்கொண்டான்.

எட்டு மாதம்

பெப்ரவரி 9, 2025, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏறி நாடு முழுக்க இருண்ட நாள். அந்தக் கிழமை அவன் ஊருக்குப் போகவில்லை, அறையில் சைபர்பங்க். கரண்ட் போனதும் லப்டொப் அணையவில்லை. "பற்றரி இருக்கு, மூண்டு மணித்தியாலம் விளையாடலாம்" என்று நினைத்தவனுக்கு ஒரு செக்கனில் 60 ஃபிரேம் 30 ஆனது. பழுது என்று எனக்கு அழைத்தான்.

பழுதில்லை. விளையாடும்போது இரண்டு சிப்பும் சேர்ந்து 130 வாட்டுக்கு மேலே குடிக்கும். 73 வாட்-மணிப் பற்றரி அவ்வளவையும் ஒரேயடியாகக் கொடுக்காது, கொடுத்தாலும் அரை மணித்தியாலத்தில் வற்றிவிடும். அதனால் மின்சாரம் போனதும் லப்டொப் தானே பிடியை இறுக்கும். எவ்வளவு விலை கொடுத்தாலும் கேமிங் லப்டொப் என்பது சுவரில் மாட்டித்தான் ஓடும். 2022 பங்குனிக் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தவர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டும். பற்றரி உங்கள் வேலையைக் காப்பாற்றும். விளையாட்டைக் காப்பாற்றாது.

அடுத்த அழைப்பு பங்குனியில். "மாமா, லப்டொப்பில கை வைச்சா கூசுது." உலோக உடம்பு. சுவரில் இருந்தது பழைய உருண்டை முனைப் பொயின்ட். சார்ஜரில் சதுர முனை. இரண்டுக்கும் நடுவில் ஒரு மலிவு மல்டி பிளக், அதில் நில இணைப்பு தொடவே இல்லை. சார்ஜருக்குள் இருக்கிற வடிகட்டி மின்தேக்கிகள் வழியாகக் கசிகிற மிகச் சிறிய மின்னோட்டம், மண்ணுக்குப் போக வழியில்லாமல் உடம்பில் நிற்கிறது. உயிருக்கு ஆபத்தான அளவல்ல, ஆனால் நல்ல அறிகுறியும் அல்ல. போய்ப் பார்த்தபோது பிளக்கின் ஒரு துளை கருகியிருந்தது. சார்ஜர் இழுப்பது 230 வோல்ட்டில் ஓர் அம்பியர் கூட இல்லை. சுமையால் கருகவில்லை, தளர்ந்த பிடியால் கருகியது. வீட்டுக்காரரிடம் கேட்டு 13 அம்பியர் சதுரப் பொயின்ட் ஒன்று போட்டோம். கூச்சம் நின்றது.

சித்திரை வந்தது. இனித்தான் உண்மையான சோதனை என்று காத்திருந்தேன். அறை பின்னேரம் 35 பாகை. அவன் செய்தது மூன்று சின்ன வேலை, காசு செலவில்லாதவை. வாலரன்ட் தன் பாட்டுக்கு 250 ஃபிரேம் ஓடிக்கொண்டிருந்தது. 120 ஹேர்ட்ஸ் திரை செக்கனுக்கு 120ஐத்தான் காட்டும், மிச்சம் எல்லாம் வெறும் சூடு. 117இல் பூட்டினான், விசிறியின் சத்தம் பாதியானது. சைபர்பங்கில் டிஎல்எஸ்எஸ் (குறைந்த புள்ளியில் வரைந்து பெரிதாக்குகிற என்விடியா வசதி) போட்டு 60இல் பூட்டினான். விண்டோஸின் மின் அமைப்பில் அதிகபட்ச செயலி நிலையை 100இலிருந்து 99 சதவீதமாக்கினான். அந்த ஒரு சதவீதம் செயலியின் வேகத் துள்ளலை நிறுத்திவிடும். ஃபிரேம் கொஞ்சம்தான் குறைந்தது, செயலி 93 பாகையிலிருந்து 78க்கு இறங்கியது. சின்ன லப்டொப்பை வன்னியில் வைத்திருக்கிறவர்கள் வேறெதையும் செய்யாவிட்டாலும் இந்த மூன்றையும் செய்யுங்கள்.

மெத்தையில் வைத்து விளையாடினானா? ஒருமுறை. போர்வை காற்று வழியை மூடி, லப்டொப் தானே அணைந்தது. பிறகு கதிரை, மேசை.

பதிவிறக்கம் தனிக் கதை. 4ஜி ரவுட்டரில் 150 ஜிபி இறக்குவது நடக்கிற காரியமல்ல. தோழனின் வெளி வன்தட்டிலிருந்து கேம் கோப்புறையை அப்படியே நகலெடுத்து, ஸ்டீமில் கோப்புகளைச் சரிபார்க்கச் சொன்னால் விடுபட்டதை மட்டும் இறக்கிக்கொள்ளும். மீதி, நள்ளிரவுக்குப் பிறகு வருகிற இரவு டேட்டாவில்.

வைகாசியில் சோளகம், தென்மேற்குக் காற்று, தொடங்கியது. கிரவல் தூசி எங்கும் படிகிற காலம். ஆவணியில் "60இல நிக்க மாட்டேங்குது" என்று கொண்டுவந்தான். அடித்தட்டைத் திறந்தேன். எட்டுத் திருகாணி, முன்விளிம்பில் கொக்கிகள், பழைய வங்கி அட்டை ஒன்றால் நெம்ப வேண்டும். விசிறிகள் சுத்தமாகத்தான் தெரிந்தன. பார்த்துவிட்டு மூடிவிடுகிறவர்கள் உண்டு. விசிறியைக் கழற்றினால்தான் தெரியும், விசிறிக்கும் செப்புத் தகடுகளுக்கும் இடையில் செம்மண் நிறத்தில் ஒரு துண்டு கம்பளி. குறட்டால் பிடித்து இழுத்தபோது அப்படியே முழுதாக வந்தது, ஒரு விரல் நீளம். தூசி, போர்வை நூல், தலைமயிர் எல்லாம் சேர்ந்து நெய்த துணி. வண்ணத்தூரிகையால் தகடுகளைத் தட்டி, விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு காற்றடித்தேன். பிடிக்காமல் அடித்தால் விசிறி கண்மண் தெரியாமல் சுழன்று தாங்கி போய்விடும். மூடி ஓட்டியபோது அதே கேமில் ஒன்பது பாகை குறைவு. குளிர் நாட்டில் வருடத்துக்கு ஒருமுறை துப்புரவாக்கு என்பார்கள். இங்கே மூன்று மாதத்துக்கு ஒருமுறை, சோளகத்தில் இன்னும் கிட்டக்கிட்ட.

6 ஜிபி பற்றிச் சொல்ல வேண்டும். கோடை விடுமுறையில் தோழன் கொடுத்த ஒரு புதுக் கேமில் மேற்பரப்புத் தரத்தை உயர்வாக வைத்தால், ஃபிரேம் 60 காட்டிக்கொண்டே இடையிடையே படம் திக்கியது. நினைவகம் நிரம்பி, தரவு ராமுக்கும் சிப்புக்கும் இடையில் ஓடித் திரிகிற திக்கல். நடுத்தரத்துக்கு இறக்கினால் போய்விடும். 14.5 அங்குலத்தில் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது என்று நான் சொன்னேன். "தெரியுது மாமா" என்றான். அவனுடைய கண், அவனுக்குத் தெரியும். இன்னும் ஐம்பதாயிரம் இருந்திருந்தால் அதே தடித்த உடம்பில் 4060 எடுத்திருப்போம்.

எடைக்கு வருவோம், கதை தொடங்கியதே அதில்தான். லப்டொப் 1.8. அதனோடு வந்த பெரிய சார்ஜர் முக்கால் கிலோ. அதை அவன் அறையை விட்டு நகர்த்துவதில்லை. பீடத்துக்கும் ஊருக்கும் போக 100 வாட் யூஎஸ்பி-சி சார்ஜர் ஒன்று தனியாக வாங்கினான், உள்ளங்கைக்குள் அடங்கும். ஆட்டோகேட், மட்லாப், படம் பார்ப்பது எல்லாவற்றுக்கும் அது தாராளம். கேமுக்கு மட்டும் பற்றாது. மாட்டினாலும் கிராபிக்ஸ் சிப் பாதி வாட்டில் முனகும். அதனால் முள்ளியவளை வீட்டில் சனி ஞாயிறு இரண்டு நாளும் அவன் கேம் பக்கமே போவதில்லை.

போன கிழமை அக்கா அழைத்துக் கதைத்தாள். "லப்டொப் வாங்கிக் குடுத்தா விளையாடிக் கெட்டுப்போவான் எண்டு பயந்தன். இப்ப வீட்டுக்கு வந்தா படிப்புத்தான். நீ சொல்லி வாங்கினது நல்லதாப் போச்சு, தம்பி."

நான் ஓமெண்டு மட்டும் சொன்னேன்.